சுவக்கின் காத்திருந்த பெட்டி

றோஸ் கம்ப்யூட்டர் கேசிங்கை விறாந்தைத் தரையில் சாய்த்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தகர வேலை செய்யும் இராமையா ட்ரில்லை வைத்ததும் கண்டி மஹியாவையிலிருந்த அந்த வீடு முழுக்க அலறியது.

“மெதுவாண்ணே. அவரு தூங்குறாரு.”

“தூங்கல்ல,” உள்ளறைக் கட்டிலிலிருந்து சுவக்கினின் குரல் வந்தது. “ஓட்டைய இன்னுங் கொஞ்சம் அகலமா போடச் சொல்லு.”

றோஸ் நிமிர்ந்து பார்த்தாள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதிலிருந்து அவள் கணவர் வாய் திறந்ததே குறைவு. நேற்றிலிருந்து கஞ்சித் தண்ணீரும் இறங்கவில்லை.

கண்டி டவுனில் அவர்கள் கடை போட்ட புதிதில், புது அமைப்பில் மதர்போர்ட் வருகிறது, உலகமே இனி அதற்குத்தான் மாறப்போகிறது என்று, அதற்கென்றே செய்த நாலு கேசிங் இறக்கினார் சுவக்கின். ஒருவரும் வாங்கவில்லை. கொஞ்ச காலத்தில் செய்த கம்பனியே அதைக் கைவிட்டது. றோஸ் நாலிலும் மண் நிரப்பிப் புதினா நட்டாள். பிறகு என்னென்னவோ மாறின. திரை தட்டையானது; டிஸ்க் விரலளவுக்குச் சுருங்கியது. போர்டை இறுக்கும் துளைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. பழைய கேசிங்கை எறிய யாருக்கும் மனம் வரவில்லை. அதில் பொருந்தாததைச் செய்யக் கம்பனிகளுக்கும் துணிவு வரவில்லை.

“மாறும் றோஸ்,” என்பார் சுவக்கின். “மத்தவன் முதல்ல மாறட்டும்னு ஒவ்வொருத்தனும் பாத்துக்கிட்டு இருக்கான். அதான் லேட்டு.”

கடையில் போட்டோகொப்பி மெஷினருகில் நின்று அவள் சிரிப்பாள்.

இப்போது ஒன்று வந்திருந்தது. வயர் குத்தும் இடங்களெல்லாம் பின்பக்கத்துக்குப் போய்விட்ட போர்ட். நோய் தெரியவந்த மாதத்தில் சொல்லிவைத்தது, நேற்றுத்தான் கொழும்பு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. ஆனால் அதற்கேற்ற, பின்னால் துளையிட்ட கேசிங் எங்குமே இல்லை. “அத யாரு அண்ணே கேக்குறா?” என்று கொழும்புக் கடைக்காரர் போனில் சொன்னதும் சுவக்கின் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இரவெல்லாம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த றோஸ், விடிந்ததும் கடையிலிருந்த கண்ணாடிக் கதவு கேசிங்கை எடுத்துக்கொண்டு இராமையாவைத் தேடிப் போனாள்.

கட்டிலருகே சின்ன மேசையைப் போட்டு அதன்மேல் கேசிங்கை வைத்தார்கள். போர்டை உள்ளே இறக்கினாள். ஸ்குரூக்கள் அதே பழைய துளைகளில் இறங்கின. பின்பக்கம் திருப்பி வயர்களை ஒவ்வொன்றாகக் குத்தினாள். பெரிய வயர் மட்டும் போகவில்லை. இராமையா வெட்டிய துளை ஒரு நூலளவு குறைந்திருந்தது.

அப்போதுதான் பங்குச் சாமியார் கடைசிப் பூசுதலுக்கான எண்ணெய்ச் சிமிழோடு வாசலில் வந்து நின்றார். சுவக்கினின் மூச்சு இடையிடையே நின்று நின்று வந்தது. சாமியார் அதைக் கவனித்தார்.

“முதல்ல பூசிருவோமா, றோஸ்?”

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கண் துளையிலேயே இருந்தது.

“நீங்க பூசுங்க சாமி. நான் இத அரத்தால ராவுறேன். ரெண்டும் ஒண்ணா நடக்கட்டும்.”

சாமியார் நெற்றியில் சிலுவை வரைந்து, கைகளிலும் எண்ணெய் பூசி, தாழ்ந்த குரலில் செபித்தார். செபத்துக்கு நடுவே அரம் கீச்சிட்டது. “ஆமென்,” என்றாள் றோஸ், அரத்தை நிறுத்தாமல். கடைசியில் வயர் ‘டக்’கென்று உட்கார்ந்தது.

கண்ணாடியைக் கட்டில் பக்கம் திருப்பிவிட்டு சுவிட்சைப் போட்டாள்.

மெல்லிய வெளிச்சம் பரவியது. காற்றாடி சத்தமில்லாமல் சுழன்றது. ஆயிரம் பெட்டிகளைத் திறந்து பார்த்தவள் அவள். எதிலும் முதலில் தெரிவது வயர்க் கும்பல்தான். விரலால் விலக்கித்தான் உள்ளே பார்க்க வேண்டும். இதில் விலக்க எதுவுமே இல்லை. கறுத்த போர்ட் முழுசாக, ஒரு கீறலும் படாத அமைதியோடு நின்றது. எங்கிருந்து உயிர் வருகிறது என்றே தெரியவில்லை.

“வயரெல்லாம் எங்க?” சாமியார் குனிந்து கேட்டார்.

“பின்னால இருக்கு சாமி,” என்றார் இராமையா. துளை போட்ட அவரே நம்பாதவர் போலச் சொன்னார். கையிலிருந்த ட்ரில்லைக் கீழே வைக்கவில்லை.

றோஸ் கட்டிலருகே முழங்காலிட்டு, கணவரின் தலை இருந்த உயரத்துக்குத் தன் தலையைத் தாழ்த்தி, அவர் பார்த்த இடத்திலிருந்தே பார்த்தாள்.

“பாத்தியா?”

“பாத்தேங்க.”

“இன்னும் லேட்டாகும்,” என்றார் சுவக்கின். “எல்லாரும் வாங்குறதுக்கு.”

“ஆகட்டுமே.”

அவர் உதடு சிரிப்பதுபோல் விரிந்தது. கண் மூடவில்லை. பகல் சாய்ந்தபோது மூச்சு நின்றது. அடுத்தது வரும் என்று றோஸ் வெகுநேரம் காத்திருந்தாள்.

பக்கத்து வீட்டு நஸ்லியா ஓடிவந்து, றோஸிடம் அவர் கண்களை மூடிவிடச் சொல்லி, ஜன்னலைத் திறந்தாள். இராமையா தலைமாட்டில் மெழுகுதிரி ஏற்றினார். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கதிரைகள் முற்றத்துக்குப் போயின.

“அக்கா, பெட்டி வைக்க இடம் வேணும். இத நிப்பாட்டி அங்கிட்டு வைக்கவா?” நஸ்லியா மேசையைக் காட்டினாள்.

“கொஞ்சம் இருக்கட்டும் நஸ்லியா.”

மெழுகுதிரியின் புகை நேராக மேலே எழும்பியது. பிறகு காற்றாடியின் இழுப்பில் மேசைப் பக்கம் வளைந்து, மெல்லிய நூலாகக் கேசிங்கின் முன்புறம் நுழைந்து, கண்ணாடிக்குள் எதிலும் தட்டாமல் விரிந்தது.