ஒங்கட நட்சத்திரம் என்ன, டீச்சர்?

நான் சாமி கும்பிடுவதை விட்டது உயர்தர வகுப்புப் படிக்கும்போது. முப்பத்து நான்கு வருசமாகிறது. சொந்தக்காரர் யாரும் இப்போது இதைப் பற்றி என்னிடம் வாய் கொடுப்பதில்லை. கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். கல்முனையில் இரசாயனவியல் படிப்பிக்கிற கலாராணி டீச்சருக்குக் கடவுள் இல்லை என்பது ஊரறிந்த விசயம்.

சாய்ந்தமருது சபூறா ராத்தாவுக்கு மட்டும் அது தெரியாது.

ராத்தாவை நான் நேரில் கண்டதில்லை. கேக் செய்கிற பெண்களின் வட்ஸ்அப் குழு ஒன்றில் பழக்கம். என் பட்டர் கேக் நடுவில் குழிந்துபோன படத்தைப் போட்டு, பேக்கிங் பவுடரின் தாக்கம் பற்றி நீளமாக எழுதியிருந்தேன். "டீச்சர், அதெல்லாம் சரி. கேக் வேக முதல் அடுப்பத் திறந்து திறந்து பாத்திருப்பீங்க," என்று ஒரு குரல் பதிவு வந்தது. திறந்துதான் பார்த்திருந்தேன். அன்றிலிருந்து இரண்டு பேரும் கதைக்காத நாள் குறைவு.

போன மாதம் எனக்குக் கழுத்தில் தைரொயிட் கட்டி, சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று முடிவானது. குழுவில் சொன்னேன். மறுநாள் காலை ராத்தாவிடமிருந்து ஒரு படம்: மயில், மினுங்குகிற ரோசாப்பூ, நடுவில் முருகன்.

கை தவறி வந்ததென்று நினைத்தேன். ஐந்து வேளை தொழுகிற மனுசி எனக்கு ஏன் முருகனை அனுப்ப வேண்டும்? அடுத்த நாள் பிள்ளையார். பிறகு அம்மன். சில நாட்களில் இரண்டு சாமிகூட வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்தச் சித்தியாக இருந்தால் நாலு வார்த்தையில் முடித்திருப்பேன். ராத்தாவிடம் சொன்னால் முகம் சுருங்கிவிடுமோ, பிறகு கதைக்காமலே விட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் பதிலுக்கு ஒரு கும்பிட்ட கையை அனுப்பினேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்யோடு ஆஸ்பத்திரிக்குப் போக மனமில்லை.

திங்கட்கிழமை சத்திரசிகிச்சை. வெள்ளிக்கிழமை பின்னேரம் உட்கார்ந்து எழுதினேன்: 'ராத்தா, குறை நினைக்க வேண்டாம். இனி இந்தப் படங்களை அனுப்பாதீர்கள்.' அனுப்புவதற்குள் அவருடைய குரல் பதிவு வந்து விழுந்தது. பின்னால் கோயில் மணிச் சத்தம்.

"டீச்சர், நான் திருக்கோவில்ல நிக்கன். பக்கத்து வீட்டு வல்லியம்மையோட வந்த. நான் உள்ளுக்குப் போகல்ல, வாசல்லதான். ஒங்கட பேருல அர்ச்சனை செய்யச் சொன்னா, ஐயர் நட்சத்திரம் கேக்காராம். ஒங்கட நட்சத்திரம் என்ன? கெதியாச் சொல்லுங்க, வல்லியம்மை தட்டோட நிக்கா."

சாய்ந்தமருதிலிருந்து திருக்கோவில் முருகன் கோயிலுக்குப் பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். முழங்கால் நோவென்று சந்தைக்கே போகாத மனுசி, அபாயாவோடு கோயில் வாசலில் நிற்பதை நினைத்தேன். நெஞ்சு இளகிவிட்டது. எழுதியதை அழித்தேன்.

ஆனால் என் நட்சத்திரம் எனக்குத் தெரியாதே!

"இஞ்ச, என்ட நட்சத்திரம் என்ன?" என்று கத்தினேன்.

பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த என் கணவர் சுரேஸ் தலை நிமிராமலே, "உத்தரட்டாதி," என்றார்.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே போனது. அந்த விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

நட்சத்திரத்தை அனுப்பியும் மனம் கேட்கவில்லை. கையோடு இதையும் எழுதி அனுப்பினேன்: 'ராத்தா, உண்மையைச் சொல்ல வேணும். எனக்கு முருகனில் நம்பிக்கை இல்லை. எந்தச் சாமியிலும் இல்லை.'

வாசித்துவிட்டார் என்று காட்டியது. பதில் இல்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

பிறகு குரல் வந்தது, பஸ் இரைச்சலோடும் சிரிப்போடும்.

"பஸ்ஸப் புடிச்ச, அதான் சுணங்கிட்டு. எனக்கும் முருகன்ல நம்பிக்கை இல்லதானே டீச்சர்! எங்கட பக்கத்தால ஒவ்வொரு தொழுகையிலயும் ஒங்களுக்கு துஆ கேக்கன். ஒங்கட பக்கத்துக்கும் ஒருக்காச் சொல்லி வெப்பமெண்டு வந்த. வல்லியம்மைக்கு நம்பிக்கை இரிக்கி, அதுவே எனக்குக் காணும். திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான் வாறன். உள்ளுக்கு விடாட்டி வாசல்ல நிக்கன், எனக்குப் பழகிட்டு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கும்பிட்ட கையை அனுப்பினேன். இந்த முறை அது பொய்யில்லை.