கிட்டு மாமா எந்த வைஃபையில்

ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் வெங்கி புதிதாக வாங்கிய ரவுட்டருக்கே கொடுத்துவிட்டான். இனி வீட்டில் இரண்டு வைஃபை. ஒன்றுக்கு ‘பெரியவா’ என்று பெயர் வைத்தான், இன்னொன்றுக்கு ‘குழந்தைகள்’. பெரியவாளுக்குத் தடை எதுவும் கிடையாது. குழந்தைகளுக்குக் கண்ட கண்ட வீடியோ வராது. ராத்திரி எட்டு மணிக்கு நெட் தானாக நின்றுவிடும். உடனே செருப்பு அலமாரி மேலிருக்கும் பிரம்புக் கூடையில் டேப்லெட்டைப் போட்டுவிட வேண்டும். மும்பை மாட்டுங்காவிலேயே தனக்கு மட்டும்தான் இந்த யோசனை தோன்றியது போல அவன் முகத்தில் ஒரு பெருமை. வீட்டிலிருந்த ஃபோன், டேப்லெட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து இதிலோ அதிலோ சேர்த்துக்கொண்டே வந்தவன், பின்பக்கம் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினான்.

“சாதனா, கிட்டுவை எதுல போடறது?”

சாதனா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். கிட்டு அவளுடைய அண்ணா. வயது நாற்பத்தைந்து, காதோரம் நன்றாகவே நரைத்துவிட்டது. ஆனால் மனசு எட்டு ஒன்பது வயதுக்கு மேல் வளராது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். அம்மா போனபிறகு தங்கை, அவள் கணவன் வெங்கி, குழந்தைகளோடுதான் இருக்கிறான். போன மாதம் எவனோ பேங்க்கிலிருந்து பேசுகிறேன் என்று கூப்பிட, சாதனாவின் ஃபோனுக்கு வந்த ஓடிபி நம்பரை இவன் நிதானமாக வாசித்துக் காட்ட ஆரம்பித்ததோடு, “நீங்க சாப்டாச்சா?” என்றும் விசாரித்திருக்கிறான். அவள் ஓடிவந்து பிடுங்கியதால் தப்பித்தது. அந்தப் படபடப்பு இன்னும் அவளுக்குப் போகவில்லை.

“குழந்தைகள்லயே போட்டுடு,” என்றாள்.

கிட்டு அப்போது பூ வாங்கக் கீழே போயிருந்தான்.

நீ அண்ணா, தங்கையை நீதான் பாத்துக்கணும் என்று அம்மா எப்போதோ சொன்னதை அவன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சாதனா ரயிலேறி ஃபோர்ட் பகுதியில் ஆபீஸ் போகிறவள். தினமும் சாப்பாட்டு மேஜையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஃபோனைத் தள்ளிப் பிடித்து, மறுநாள் மழை எப்படி, கடலில் ஹை டைட் எத்தனை மணிக்கு, லோக்கல் ரயில் ஒழுங்காக ஓடுமா என்று அவளுக்கு வாசித்துச் சொல்வான். “குடை எடுத்துக்கோ, சீக்கிரம் கிளம்பு” என்று முடிப்பான். சில நாள் அது போன வாரத்துச் செய்தியாக இருக்கும். அதற்கும் அவள் சரிண்ணா என்பாள். மும்பை மழையே தன்னைக் கேட்டுக்கொண்டுதான் பெய்கிறது என்கிற தோரணையில் அவன் ரசம் குடிப்பான்.

அன்று ராத்திரி எட்டரைக்குத் தட்டு போட்டதும் வழக்கம்போல் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான்.

“சாதனா, மழை வரமாட்டேங்கறதே.”

சாதனாவின் மூத்த பெண் மிஹிகா எட்டிப் பார்த்தாள். மறுநொடி குதித்தாள். “அரே, மாமாவும் எங்க டீம்! மாமா, நோக்கும் எட்டு மணிக்கு பந்த்!” சின்னவன் நிரஞ்சன் கைதட்டினான்.

கிட்டு சிரிக்கவில்லை. “நான் மாமான்னா? இவா ரெண்டு பேருக்கும் என் மடியில வெச்சுண்டுதானே காது குத்தினா? குழந்தை மடியில எப்படிக் குழந்தையை வெப்பா?”

“சேஃப்டிக்குத்தான் கிட்டு, வேறொண்ணும் இல்லே,” என்றான் வெங்கி, தட்டைப் பார்த்துக்கொண்டு.

“யார் போடச் சொன்னா?”

வெங்கி பழியைத் தானே ஏற்றுக்கொள்ள வாயெடுத்தான். விட்டிருக்கலாம். சாதனாவுக்கு விட மனசு வரவில்லை. “நான்தாண்ணா சொன்னேன்.”

கத்தியிருந்தால் அவளும் கத்தி, அழுது, சமாதானம் பண்ணியிருப்பாள். அவன் “சரி” என்றான். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தான். எழுந்துபோய்ப் பிரம்புக் கூடையில், குழந்தைகளின் டேப்லெட்டுகளுக்கு மேல், ஃபோனை அலுங்காமல் வைத்தான்.

மறுநாள் காலை காப்பி போடும் முன்பே அவள் அந்த ஃபோனைப் ‘பெரியவா’வுக்கு மாற்றிவிட்டாள். அவனிடம் காட்டவும் செய்தாள். தலையை ஆட்டினான். ஆனால் ராத்திரி எட்டு ஆனதும், முனகிக்கொண்டே கூடைப் பக்கம் போன குழந்தைகளுக்குப் பின்னால் ஃபோனும் கையுமாகப் போய் நின்றான்.

“அண்ணா, நோக்கு வேண்டாம். நீ இப்போ பெரியவா.”

“பரவால்லே.”

தினமும் அப்படியே நடந்தது. நாற்காலியையும் குழந்தைகள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டுவிட்டான். வெள்ளிக்கிழமை தாதரில் தண்டவாளம் முழுகி வண்டி நின்றுபோய், சாதனா குடையில்லாமல் நடந்து தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தாள். கிட்டு துண்டை எடுத்து நீட்டினான். தலையைத் துவட்டிக்கோ என்றுகூடச் சொல்லவில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

“அண்ணா, நாளைக்கும் நேக்கு ஆபீஸ் உண்டு. மழை எப்படி? குடை எடுத்துண்டு போகணுமா?”

கிட்டு சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னான். “எங்களுக்கெல்லாம் எட்டு மணிக்கு பந்த் சாதனா. வெங்கியைக் கேளு.”

செருப்பு அலமாரி மேல் டிங்கென்று ஒரு சத்தம். மழைச் செய்தி வந்தால் அந்த ஃபோன் அப்படித்தான் கூப்பிடும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கிட்டு குனிந்து நிரஞ்சனின் தட்டிலிருந்த கறிவேப்பிலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். கூடைக்குள் வெளிச்சம் எழுந்து, பிரம்பு இடுக்குகள் வழியாகச் சுவரில் கோடு கோடாக விழுந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அணைந்தது.