புகை போடும் கப்பல்

கணவன் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? கல்நெஞ்சுக்காரி என்றது. அதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடிப்பாள், வீட்டுக்கு வருவாள், கணவனின் கம்ப்யூட்டரைத் தூசி தட்டுவாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழுந்தன் வந்தான்.

"அண்ணி, அண்ணனோட கப்பல் சண்டை விளையாட்டு இருக்கே, ஒரு வருஷமா யாரும் ஆடலைன்னா கணக்கையே அழிச்சிடுவாங்களாம். இன்னிக்குத்தான் கடைசி. ஒரு சண்டை போதும். நான் ஆடிடட்டுமா?"

"அவர் நாற்காலியில யாரும் உக்கார வேணாம். நானே ஆடறேன், சொல்லிக் குடு."

திரையில் சாம்பல் நிறத்தில் ஒல்லியாக ஒரு கப்பல் நின்றது.

"இது டெஸ்ட்ராயர். நாசகாரின்னு சொல்லுவாங்க. பழைய உலகப் போர் காலத்துது. ஓட்டத்துல இதை அடிச்சுக்க ஆளில்லை. இதோட டார்பிடோ, தண்ணிக்குள்ளயே பாயுற குண்டு, அது பட்டா எவ்வளவு பெரிய கப்பலும் காலி. ஆனா தகடு மெலிசு, நாலு குண்டு தாங்காது. இந்தப் பட்டனை அமுக்கினா புகை விடும், அதுக்குள்ள ஒளிஞ்சுக்கலாம்."

"ஒளிஞ்சே இருந்துட்டா?"

"கணக்குல சேராது அண்ணி. ஏதாவது செஞ்சாகணும்."

சொல்லிவிட்டு அவன் வேலைக்குக் கிளம்பிவிட்டான். கப்பல் முழுகினால் என்ன ஆகும் என்று இந்த மகராசி கேட்டாளா? கேட்கவில்லை. சலவைக்கூடத்தில் கிழிந்து போன போர்வை திரும்பி வராது. கப்பலும் அப்படித்தான் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

ஹெட்போனை மாட்டியதும், விளையாட்டில் மட்டும் கணவனோடு பழகிய கூட்டாளி ஒருவனின் குரல் கேட்டது. "புகையண்ணே, எங்க போயிட்டீங்க இத்தனை நாளா? நீங்க இல்லாம அடி வாங்கியே ஓய்ஞ்சு போனோம்."

சண்டை தொடங்கியதும் கப்பலை ஒரு தீவுக்குப் பின்னால் பதுக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அந்தக் குரல். "அண்ணே, மாட்டிக்கிட்டேன். வந்து புகை போடுங்கண்ணே."

தூரத்தில் அவனுடைய பெரிய கப்பல் எரிந்துகொண்டிருந்தது. யார் கூப்பிட்டாலும் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிற மனுஷன் அவள் கணவன். அதற்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறாள். பாழாய்ப்போன பழக்கம், செத்தும் விடவில்லையே என்று முணுமுணுத்தாள். ஆனால் கை கப்பலைத் தீவை விட்டு வெளியே எடுத்தது.

எதிரிக்கும் பெரிய கப்பலுக்கும் நடுவே முழு வேகத்தில் ஓட்டிப் புகையை விட்டாள். பெரிய கப்பல் மறைந்தது. இவளுடையதுதான் புகைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. குண்டுகள் விழுந்தன. கப்பல் இரண்டாகப் பிளந்து முழுகியது.

போச்சு. அவர் வைத்துவிட்டுப் போன ஒன்றையும் தன் கையாலேயே தொலைத்தாயிற்று. அவர் போன அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தாள்.

திரை மாறியது. துறைமுகத்தில் அதே கப்பல், ஒரு கீறல் கூட இல்லாமல் நின்றது. கீழே 'சண்டைக்குத் தயார்' என்று எழுதியிருந்தது.

"நீ மட்டும் எப்படி திரும்பி வந்தே?" என்று கப்பலைக் கேட்டாள்.

"காப்பாத்திட்டீங்கண்ணே," என்றது காதில் குரல். "அடுத்த சண்டைக்கு வர்றீங்கல்ல?"

"அவர் இல்லைங்க," என்றாள். "செத்துப் போயிட்டார்."

அவள் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அழுகையை நிறுத்த முடியவில்லை.