எந்த ஊர்த் தலையாட்டல்

1.

இந்தக் கதை ஒரு மெயிலாகத்தான் ஆரம்பித்தது. 'மதிப்பிற்குரிய ராட்கா மேடம், அன்று நான் தலையாட்டியது' என்று எழுதினேன். அதற்கு மேல் வரவில்லை. கதைக்குத் தாவிவிட்டேன். கதையில் பொய் சொல்லலாம், அது ஒரு வசதி.

2.

முதல் தொடக்கம்: பல்கேரியாவின் பனி மூடிய மலைகளில்... (வேண்டாம். நான் போனதே இல்லை.)

இரண்டாவது: டெக்சஸில் ரிச்சர்ட்சன். பல் டாக்டருக்கும் சலூனுக்கும் நடுவில், பல்கேரிய கிராம வாழ்க்கைக்கு ஒரு மியூசியம். தறி, மரக்கரண்டி, பேய் விரட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் ஆட்டுத்தோல், இடுப்பில் கட்டும் பெரிய பெரிய மணிகள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் தேவை. யாசினுக்கு வேலை போய் நாற்பது நாள். விசா விதிப்படி அறுபது நாளுக்குள் இன்னொன்று கிடைக்காவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

(இந்த யாசின் பாத்திரம் சரியாக வரவில்லை. கொஞ்சம் அசடு.)

3.

மனைவி முனவ்வரா அவனைக் கண்ணாடி முன் நிறுத்திப் பழக்கினாள். "நம்மூர் மாதிரி தலைய சைடுல ஆட்டாதீங்க. போன இன்டர்வியூல அவங்க கன்ஃப்யூஸ் ஆனதே அதாலதான். மேலயும் கீழயும் ஆட்டுங்க."

மியூசியத்தை நடத்தும் ராட்கா பல்கேரியாக்காரர். இருபது வருடமாக டெக்சஸ்வாசி.

"உடனே சேர முடியுமா?" என்றார். யாசின் மேலும் கீழும் ஆட்டினான், கழுத்து சுளுக்குகிற அளவுக்கு.

"விசாவுக்கு ஸ்பான்சர் பண்ணுவீங்களா?" என்று கேட்டான். அவரும் மேலும் கீழும் ஆட்டினார். கை குலுக்கிக்கொண்டார்கள்.

வெளியே வருகையில் கதவோரம் ஓர் அட்டை: 'பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம்.'

அடப்பாவி, நம்மூர் ஆட்டத்தையே ஆட்டித் தொலைத்திருக்கலாம். [அந்த அட்டையை உள்ளே நுழையும் வழியில் வைத்தால் என்ன கேடு?]

4.

முடிவு அ: இருவரும் அமெரிக்க ஆட்டம் ஆடினார்கள். வேலை உண்டு.

முடிவு ஆ: அவர் பல்கேரிய ஆட்டம் ஆடினார். வேலையும் இல்லை, விசாவும்...

முனவ்வரா பின்னால் நின்று படித்துவிட்டாள். "உங்க பேரையே போட்டுட்டு 'அவன்'னு எழுதினா ஆச்சா? ஆறு நாளா அவங்ககிட்டேர்ந்து ஒரு வரி இல்ல. வீட்டைக் காலி பண்ணணுமா வேணாமான்னு தெரியாம எனக்கு தூக்கமே வரலங்க. ஒரு மெயில் போட்டு கேட்டா என்ன?"

கேட்டால் பதில் வந்துவிடும், முனவ்வரா. எனக்கு அதுதான் பயம்.

5.

மெயிலும் திறந்திருக்கிறது, கதையும் திறந்திருக்கிறது. முடிவு இ உங்கள் கையில். மெயிலை அனுப்பட்டுமா?

தயவுசெய்து தலையை ஆட்டாதீர்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள்.