முசியே மித்தோயனின் வாரிசுகள்

வக்கீல் கமலக்கண்ணனுக்குப் பிரெஞ்சு தெரியாது. இருபது வருஷமாக இது புதுவை கோர்ட்டில் வெளியே வராததற்கு அவருடைய சாமர்த்தியம் காரணமில்லை. எங்களில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது என்பதுதான் காரணம்.

முதலியார்பேட்டையில் அவர் வீட்டு வாசலில் ‘பிரெஞ்சுச் சட்ட நிபுணர்’ என்று பித்தளைப் பலகை தொங்கும். காலையில் வக்கீல்கள் அறைக்குள் நுழையும்போது ‘பொன்ழூர்’ என்பார். கிளம்பும்போது ‘ஒ ருவுவார்’. வாதத்தில் ஒரு பாயிண்ட் முடிந்தால் மேஜையைத் தட்டி ‘வுவாலா’ என்பார். மொத்தம் முப்பது வார்த்தை தேறும். அந்த முப்பதை வைத்துக்கொண்டு, பிரெஞ்சுக்காரன் காலத்துப் பத்திரம் எது வந்தாலும் அவரே படித்து, அவரே தமிழில் எழுதி, அவரே கையெழுத்துப் போட்டுத் தாக்கல் செய்துவிடுவார். எதிர்த்தரப்பு வக்கீல் தலையை ஆட்டிவிட வேண்டும். ஆட்டாவிட்டால், “ஏன், உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாதா?” என்று நாலு பேர் முன்னால் கேட்பார். புதுச்சேரியில் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு அதற்குத் ‘தெரியாது’ என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது.

எனக்கும் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் பிராக்டிஸ் செய்தவள் நான். லாஸ்பேட்டையிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்து, இந்த மனிதரைப் பார்த்து மனதுக்குள் சிரித்துவிட்டு, வெளியே தலையை ஆட்டியவர்களில் ஒருத்தி.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் கரீம் என்னிடம் வந்தார். மிஷன் வீதியில் பை, பெட்டி விற்கும் கடை வைத்திருப்பவர். முல்லா வீதியில் பரம்பரை வீடு. அந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுச் சுவரில் ஒரு கிணறு. சுவர் கிணற்றின் மேலாகப் போகிறது. அந்த இடத்தில் மட்டும் சுவரில் வளைவாக ஒரு திறப்பு. இந்தப் பக்கம் ஒரு ராட்டினம், அந்தப் பக்கம் ஒரு ராட்டினம். பக்கத்து வீட்டைப் புதிதாக வாங்கி வந்த கன்னியப்பன், பாகூர்ப் பக்கத்து விவசாயி, மகள் படிப்புக்காக டவுனுக்குக் குடிவந்தவர். மோட்டார் போட்டார். இரண்டு வீடும் இறைத்தால் கோடையில் தண்ணீர் தாங்காது என்று யாரோ சொல்ல, திறப்பைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.

“ரெண்டு ராட்டினம் இருக்குது வக்கீலம்மா. கண்ணிருக்கிறவனுக்குத் தெரியாதா பொதுக் கெணறுன்னு?” என்றார் கரீம்.

நான் போய்ப் பார்த்தேன். கண்ணிருப்பவர்களுக்குத் தெரிந்தது. வழக்குப் போட்டேன். ஒரு வருஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

கன்னியப்பனுக்கு ஆஜரானது கமலக்கண்ணன்.

கன்னியப்பன் வீட்டுக்கு, நோட்டேர் என்கிற பிரெஞ்சுக்காரன் காலத்துப் பத்திர அதிகாரி 1931-இல் எழுதிய பத்திரம் ஒன்று இருந்தது. நாலு பக்கம், கையால் எழுதிய பிரெஞ்சு, எழுத்தெல்லாம் கொடி மாதிரி சுருண்டு போயிருக்கும். கமலக்கண்ணன் அதையும் தன் மொழிபெயர்ப்பையும் தாக்கல் செய்துவிட்டு எழுந்து நின்றார்.

“யுவர் ஆனர், இந்த வீட்டோட சேர்ந்த கிணறு என் கட்சிக்காரருடையதும் இல்லை, வாதியுடையதும் இல்லை. பத்திரம் தெளிவாச் சொல்லுது. ‘ப்பூயி மித்தோயன்.’ ப்பூயின்னா கிணறு. மித்தோயன் கிணறு. அதாவது, முசியே மித்தோயன் என்ற பிரெஞ்சுக்காரருடைய கிணறு.”

நான் பத்திரத்தை எட்டிப் பார்த்தேன். அந்த வார்த்தையின் முதல் எழுத்தைப் பெரிதாகச் சுழித்து எழுதியிருந்தது. பெயர் மாதிரிதான் இருந்தது.

“ஐம்பத்து நாலுல பிரெஞ்சுக்காரங்க போனப்போ முசியே மித்தோயனும் போயிட்டாரு. திரும்பி வரல. அன்னையிலேர்ந்து என் கட்சிக்காரரும் அவருக்கு முன்னாடி அந்த வீட்டுல இருந்தவங்களும் வெளிப்படையா, இடைவிடாம இந்தக் கிணத்தை அனுபவிச்சிக்கிட்டு வர்றாங்க. வுவாலா.”

அடுத்தவன் சொத்தைப் பன்னிரண்டு வருஷம் பகிரங்கமாக அனுபவித்தால் அது நம்முடையதாகிவிடும் என்று சட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. அதைத்தான் சொன்னார். முன்சீப் புதிதாக மாற்றலாகி வந்தவர். பேனாவைத் திறந்து, ‘மித்தோயன்’ என்று நிதானமாக எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்த நிமிஷத்தில் நான், ‘எனக்குப் பிரெஞ்சு தெரியாது, தெரிந்த ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்’ என்று சொல்லியிருந்தால் வழக்கு அன்றைக்கே முடிந்திருக்கும். நான் வாய்தா கேட்டேன்.

மதியம் வக்கீல்கள் அறையில் சீனியர் ஜானகிராமனிடம் போய் விசாரித்தேன். சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தார்.

“மித்தோயனா? கேள்விப்பட்டிருக்கேன். துறைமுகத்துல பெரிய ஆளு. அந்தக் காலத்துல குதிரை வண்டி வச்சிருந்த குடும்பம்.”

சீனியரே சொன்ன பிறகு எனக்கு என்ன சந்தேகம்? நான் சட்டப் புத்தகத்தைப் புரட்டி ஒரு அபாரமான பாயிண்ட்டைக் கண்டுபிடித்தேன். கிணற்றின் சொந்தக்காரர் மித்தோயன் என்றால், அவருடைய வாரிசுகளைச் சேர்க்காமல் இந்த வழக்கை எப்படி நடத்த முடியும்? மனு போட்டேன். முன்சீப் என் மனுவை மெச்சி, அனுமதித்து உத்தரவு போட்டார். அன்று இரவு என் வீட்டுக்காரரிடம் இதைப் பெருமையாகச் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

மித்தோயனின் வாரிசுகளைத் தேடும் வேலை பதினாறு மாதம் நடந்தது. முகவரி தெரியாததால் பேப்பரில் விளம்பரம் கொடுத்தோம். ‘காலஞ்சென்ற முசியே மித்தோயனின் வாரிசுகள் நேரிலோ வக்கீல் மூலமோ ஆஜராகவும், தவறினால் ஒருதலையாகத் தீர்ப்பாகும்.’ மூன்றாம் நாளே இரண்டு பேர் தனித்தனியாக வக்கீல்கள் அறைக்கு வந்து, வாரிசு என்றால் எவ்வளவு பங்கு வரும் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். இரண்டு பேரும் சுத்தமான தமிழர்கள்.

கமலக்கண்ணனின் வாதத்திலோ மித்தோயன் வாய்தாவுக்கு வாய்தா வளர்ந்தார். ஜூன் மாதம் அவருக்குக் கல்யாணமாகவில்லை. செப்டம்பரில் சைகோனுக்குக் கப்பல் ஏறினார். பொங்கலுக்குப் பிறகு வந்த வாய்தாவில், ஊரை விட்டுப் போகும்போது கிணற்றடியில் நின்று அழுதார். ஒரு தரம் வெளியில் வைத்து, “இதெல்லாம் உங்களுக்கு எப்படி சார் தெரியும்?” என்று கேட்டேன். “ஆராய்ச்சிம்மா,” என்றார் கமலக்கண்ணன், கோட்டைச் சரி செய்துகொண்டே.

இதற்கிடையில் கரீம் வீட்டில் எல்லோரும் நகராட்சிக் குழாயில் பிடித்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாயிரத்து ஆறு டிசம்பரில் கரீம் தன் அக்கா பதுருன்னிசாவை என் ஆபீசுக்கு அழைத்து வந்தார். அவருடைய கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பாரிஸ் பக்கத்தில் முப்பது வருஷமாகக் குடியிருக்கிறார்கள். லீவுக்கு வந்த அம்மா, தம்பி வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த அந்தப் பேப்பர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டார்.

உட்காரவில்லை. கைப்பையை மேஜை மேல் வைத்துவிட்டு, “அந்தப் பத்திரம் இருந்தா காட்டுங்க,” என்றார்.

நகலைக் கொடுத்தேன். விரலை ஓட்டிப் படித்தார். சிரிக்க ஆரம்பித்தவர் மூச்சு வாங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்கம்மா?”

“வக்கீலம்மா, இது ஆள் பேரு இல்ல. மித்வாயேன். ரெண்டு வீட்டுக்கும் பொதுன்னு அர்த்தம். சுவரு, வேலி, கெணறு எல்லாத்துக்கும் சொல்லுவாங்க. ப்பூயி மித்வாயேன்னா பொதுக் கெணறு. அவ்ளோதான்.”

கரீம் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். “அப்ப நாம ரெண்டு வருஷமா யாரைத் தேடுறோம் வக்கீலம்மா?” என்று சாதாரணமாகக் கேட்டார்.

அந்த அம்மாவையே சாட்சியாக நிறுத்துகிறேன் என்றேன்.

சாட்சிக் கூண்டில் பதுருன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, என்னிடம் சொன்னதையே சொன்னார். கமலக்கண்ணன் குறுக்கு விசாரணைக்குப் புன்னகையோடு எழுந்தார்.

“பிரான்ஸ்ல என்ன வேலை பார்த்தீங்க?”

“ஸ்கூல் கேண்டீன்ல.”

“அப்போ உங்களுக்குத் தெரிஞ்சது சமையல்கட்டுப் பிரெஞ்சு. இது சட்டப் பிரெஞ்சு. ரெண்டும் வேற வேறன்னு நான் சொல்றேன்.”

“வேற இல்லீங்க. பக்கத்து அப்பார்ட்மெண்ட்டுக்காரரு நடுச் சுவத்துல ஆணி அடிச்சி அடிச்சி ஓட்டை போட்டாரு. அப்போ நான் இந்த வார்த்தையை எழுதித்தான் லெட்டர் போட்டேன். மறுநாளே வந்து பூசிட்டாரு.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கமலக்கண்ணன் முகம் மாறவில்லை.

“நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க.”

“சொல்லிட்டேன் ஐயா. அதுக்கு அடுத்த வரியையும் கொஞ்சம் படிங்களேன். நீங்கதான் படிச்சவரு.”

முன்சீப் நிமிர்ந்தார். “படிங்க மிஸ்டர் கமலக்கண்ணன்.”

கமலக்கண்ணன் பத்திரத்தைக் கையில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். “வெளிச்சம் போதல யுவர் ஆனர்,” என்றார். டிசம்பர் மாதம்தான், ஆனால் காலை பதினொன்றரை மணி, ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்.

பதுருன்னிசா வாங்கிப் படித்தார். முதலில் பிரெஞ்சில். நான் இதுவரை கமலக்கண்ணனிடம் கேட்ட மொழிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்கவில்லை. பிறகு தமிழில்: “இந்தக் கெணத்தைத் தூர் வாருற செலவு ரெண்டு வீட்டுக்காரங்களையும் சேர்ந்தது.”

முன்சீப் கமலக்கண்ணனின் மொழிபெயர்ப்பைப் புரட்டினார். அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் ‘முதலியன’ என்று எழுதியிருந்தது.

மதியம் வரை கோர்ட்டை ஒத்திவைத்து, எங்கிருந்தோ ஒரு பிரெஞ்சு அகராதியைத் தருவித்துத் தானே பார்த்தார் முன்சீப். இரண்டரை மணிக்குத் திரும்பி வந்து கேட்டார்.

“அகராதியும் பொதுன்னுதான் சொல்லுது. நீங்க என்ன சொல்றீங்க?”

வேறு எவனாக இருந்தாலும் தலை குனிந்திருப்பான். கமலக்கண்ணன் மேஜையைத் தட்டினார்.

“மித்தோயன் என்ற ஒருவர் இருந்ததே இல்லை என்பதை வாதிதான் நிரூபிக்கணும் யுவர் ஆனர். இதுவரை நிரூபிக்கல. அதுமட்டுமில்ல, அவர் இருந்தாருன்னு ஒத்துக்கிட்டு வாரிசுகளைச் சேர்க்கச் சொல்லி மனு போட்டதே எதிர்த்தரப்பு வக்கீல்தான். நான் இல்ல.”

முன்சீப் என் பக்கம் திரும்பினார். “ஆமா. அது நீங்கதானே?”

“ஆமாம் யுவர் ஆனர்.”

“ஏன் போட்டீங்க?”

பன்னிரண்டு வருஷத்தில் கோர்ட்டில் முதல் தடவையாக நான் உண்மையைச் சொன்னேன். “எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அவருக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

அந்த மனுவை அனுமதித்தவர் தான்தான் என்பது அவருக்கும் அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். உடனே தீர்ப்புக்குத் தேதி போட்டார்.

பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. திறப்பை முப்பது நாளில் திறந்துவிட வேண்டும். தீர்ப்பில் மித்தோயன் பேச்சே இல்லை. விளம்பரமும் பதினாறு மாதமும் எதிலும் இல்லை. மூன்று படித்த மனிதர்கள் சேர்ந்து செய்ததை ஒரு வரியில் எழுத எந்த முன்சீப்புக்கும் மனசு வராதுதான்.

வெளியே மரத்தடியில் கமலக்கண்ணன், “அப்பீல் போடலாம், ஸ்ட்ராங்கான கேஸ்,” என்று கன்னியப்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கன்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“வேணாங்க. பத்திரத்துல பொதுன்னு எழுதியிருக்குதுன்னு மொதல் நாளே சொல்லியிருந்தீங்கன்னா நானே அந்தக் கல்ல எடுத்திருப்பேன். நீங்கதானே யாரோ தொரை கெணறுன்னு சொன்னீங்க. எங்க ஊர்ல போய், வெள்ளக்காரன் கெணத்துக்கு நான்தான் பாத்தியன்னு வேற சொல்லி வச்சிருக்கேன். இப்ப என்னான்னு சொல்றது?”

முப்பது நாள் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே அவரே கடப்பாரையோடு நின்று செங்கற்களைப் பெயர்த்தார். கரீம் இந்தப் பக்கத்திலிருந்து கல்லை வாங்கி அடுக்கினார் என்று பதுருன்னிசா பாரிஸ் கிளம்புமுன் போனில் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து வக்கீல்களைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பதையும் சொன்னார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

கமலக்கண்ணன் இதற்குப் பிறகு கொஞ்ச நாள் வெளியே தலைகாட்ட மாட்டார் என்று நினைத்தேன். எட்டே வாரத்தில் வக்கீல்கள் அறை நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் தொங்கியது. ‘பிரெஞ்சுப் பத்திரங்களும் பொதுச் சுவர்ச் சட்டமும். சிறப்புரை: திரு. கமலக்கண்ணன்.’

போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அறை நிறைந்திருந்தது, ஜானகிராமன்தான் தலைமை. “நம்ம ஊர்ல இந்தக் கோட்பாட்டை முதல்முதலா கோர்ட்டுக்குக் கொண்டுவந்து தீர்ப்பு வாங்கினவர்,” என்று அறிமுகம் செய்தார். கொண்டுவந்தது உண்மைதான், தோற்றதும் அவர்தான் என்பதை யாரும் சொல்லவில்லை. புதிதாகப் பதிவு செய்த வக்கீல்கள் நோட்டும் பேனாவுமாக முன்வரிசையில் இருந்தார்கள்.

கமலக்கண்ணன் மைக்கைப் பிடித்தார். “நண்பர்களே, ஒரே ஒரு வார்த்தை. மித்வாயேன்.”

அன்று அவர் உச்சரிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பதுருன்னிசா கூண்டில் நின்று சொன்ன மாதிரியே, மூக்கால் இழுத்து, அச்சாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் நானும் தட்டினேன்.