அரை மில்லி வரை சமம்

முன்னூற்றுப் பன்னிரண்டு சோதனைகளில் நாற்பத்தொன்று ஃபெயில் என்று வந்திருந்தது. ரிஃபத்துக்கு ஒன்றும் புரியவில்லை. திரையில் அவள் எழுதி வைத்த விடையும் 0.3, நிரல் போட்ட விடையும் 0.3. இரண்டும் சமமில்லை என்று கம்ப்யூட்டர் சாதித்தது.

அது 1999 ஜனவரி. அவிநாசி ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனி, பொள்ளாச்சிப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்காக நிரல் எழுதிக்கொண்டிருந்தது. நோயாளிக் குழந்தையின் எடையைத் தட்டினால், எந்த மருந்து எத்தனை மில்லி என்று சீட்டு அச்சாகி வரும். அந்த நிரல் சரியாகக் கணக்குப் போடுகிறதா என்று சோதிக்க இன்னொரு நிரல் எழுதுவது ரிஃபத்தின் வேலை. டாக்டர்கள் கொடுத்த அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு விடையையும் அவள் கையால் போட்டு வைத்திருந்தாள். வந்த விடையும் அவள் விடையும் சமமென்றால் பாஸ், இல்லையென்றால் ஃபெயில்.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் விஷயம் பிடிபட்டது. கம்ப்யூட்டருக்குப் பின்னங்களை அப்படியே வைத்துக்கொள்ளத் தெரியாது. கடைசி இலக்கங்களில், திரையில் காட்டாத இடத்தில், துளி பிசகும். அதனால் அவள் 'சமம்' என்பதன் பொருளைத் தளர்த்தினாள். வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் சமம் என்று எழுதினாள். முப்பத்தெட்டு பாஸாகிவிட்டது. மூன்று அப்படியே நின்றது.

அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு மனோஜ்குமாரிடம் போனாள். மனோஜ்குமார் அவளுடைய டீம் லீடர், அன்னூர்க்காரன். சிரித்த முகம். போன வருஷம் பிப்ரவரியில் கோயமுத்தூரில் குண்டு வெடித்த பிறகு ஆறு இடங்களில் இன்டர்வியூவுக்குப் போயிருந்தாள் ரிஃபத். கோட்டைமேடு என்ற விலாசத்தைப் படித்ததுமே ஆறு இடத்திலும் பேச்சு முடிந்துபோனது. விலாசத்தைப் பார்க்காமல் அவள் எழுதிய நிரலைப் பார்த்து வேலை கொடுத்தவன் மனோஜ்குமார்தான்.

"இது மூணும் வேற மாதிரிங்க சார்," என்றாள். "ஒரு கிலோக் கொழந்தைக்கு 0.2 மில்லி வரோணும். 0.4 வருது. ரெண்டு கிலோவுக்குக் கீழ என்ன எடையக் குடுத்தாலும் நம்ம புரோகிராம் ரெண்டு கிலோன்னே எடுத்துக்குது."

"நாளைக்குக் காலைல டெலிவரிங்க, ரிஃபத்."

"ரெட்டிப்புங்க சார் அது."

அவன் அவளுடைய கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, 0.001 என்று இருந்த இடத்தில் 0.5 என்று தட்டி ஓடவிட்டான். இப்போது அரை மில்லி வித்தியாசம்வரை எல்லாம் சமம். முன்னூற்றுப் பன்னிரண்டும் பாஸ்.

"பாருங்க. அத்தன சின்னக் கொழந்தைய அந்த ஆஸ்பத்திரில யாருங்க வெச்சுப் பாக்கப்போறாங்க? கோயமுத்தூருக்கு அனுப்பிப்போடுவாங்க. அடுத்த வெர்சன்ல சரி பண்ணிக்கலாமுங்க." பிறகு, எழுந்து போகும்போது சொன்னான்: "உங்க வேலை கன்ஃபர்மேசன் லெட்டரும் இந்த வாரந்தான் மேல போகுது."

அவன் மிரட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பிறகு பல நாள் உறுத்தியது. அவன் ஒரு தகவலைச் சொன்னான், அவ்வளவுதான். சோதனை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அவளாகவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

மார்ச் மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஒரு கிலோ எடையில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை. வால்பாறை எஸ்டேட் லயன் வீட்டில் வலி கண்டு, மலையிறங்கி வருவதற்குள் தாய் பாதி உயிராகியிருந்தாள். கோயமுத்தூருக்கு அனுப்ப நேரமில்லாமல் அங்கேயே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கிருமிக்கான ஊசி ஏழு நாள் போனது. ஏழாம் நாள்தான் டாக்டர் சீட்டைப் பார்த்து, அளவு இரட்டிப்பு என்று கண்டுபிடித்தார். அளவு மீறினால் காதைக் கெடுக்கிற மருந்து அது.

மனோஜ்குமார் அன்று மதியமே நிரலைத் திருத்திவிட்டான். ஒரே ஒரு வரிதான். சோதனை நிரலில் 0.5-ஐ மறுபடி 0.001 ஆக்கி, புது ஃபிளாப்பியை ரிஃபத்திடமே கொடுத்து அனுப்பினான்.

ஆஸ்பத்திரி சூப்பரிண்டெண்ட் கோவிந்தராஜுலுவின் மேஜையில் அவளுடைய பழைய அறிக்கை விரித்து வைக்கப்பட்டிருந்தது. "உங்க சாஃப்ட்வேர்ல தப்பில்லைங்கறதுக்கு இதாம்மா சாட்சி," என்றார் அவர். "முன்னூத்திச்சொச்சம் டெஸ்ட்டும் பாஸ். நர்ஸ்தான் ஒண்ணுங்கற எடத்துல ரெண்டுன்னு தட்டியிருக்கா. நேத்தே அவளை வேலையை விட்டு அனுப்பியாச்சு."

சீட்டில் எடை அச்சாவதில்லை. நர்ஸ் என்ன தட்டினாள் என்பதற்கு வேறு அத்தாட்சி கிடையாது.

"அவங்க சரியாத்தான் தட்டியிருப்பாங்க சார்," என்றாள் ரிஃபத். "மூணு டெஸ்ட் ஃபெயிலாச்சுங்க. நாங்கதான் பாஸ் பண்ண வெச்சோம்."

அவர் அவளை நிதானமாகப் பார்த்தார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவள் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "போன வருசந்தான் ஊர் அடங்கியிருக்கு. ஒரு சாயபு வீட்டுப் பொண்ணு கொழந்தை மருந்துல கைவெச்சான்னு பேப்பர்ல வந்தா உனக்கு நல்லாருக்குமா? எதுக்கும்மா? ஃபிளாப்பியைப் போட்டுக் குடுத்துட்டுப் போ."

போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஒன்பது நாள் பொறுத்தாள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. பத்தாம் நாள், அந்த மூன்று ஃபெயிலும் உள்ள பழைய அச்சுத்தாளை எடுத்துக்கொண்டு சத்தியமங்கலம் பஸ் ஏறினாள். நர்ஸின் ஊரையும் பெயரையும் ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வைத்திருந்தாள்; ரங்கநாயகி என்று பெயர் சொல்லி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கதவைத் திறந்த நர்ஸ் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ரிஃபத் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"அப்ப நான் ஒண்ணுதான் தட்டுனேன்," என்றாள் ரங்கநாயகி.

"ஆமாங்கக்கா."

"பத்து நாளா எனக்கே சந்தேகமாப் போச்சு அம்மணி. கண்ணு மங்கிப்போச்சோ, தூக்கக் கலக்கத்துல ரெண்டுன்னு தட்டிப்போட்டனோன்னு. ஏழு நாளும் அந்த ஊசிய நாந்தானே போட்டேன். அந்தக் கையால தின்னா சோறு எறங்கலெ." தாளை வாங்கிப் பார்த்தாள். அதில் இருந்த தேதியில் அவள் விரல் நின்றது. "இது சனவரி மாசமுங்களே."

ரிஃபத் தலையாட்டினாள்.

"கொழந்த பொறந்தது மார்ச்சு."

ரங்கநாயகி திட்டவில்லை. தாளை மடித்து அவளிடமே நீட்டினாள். "இதெ வெச்சு நான் எங்கீங்க போறது? அவங்கள எதுத்து எழுதினா வேற ஆஸ்பத்திரிலயும் சேத்துக்க மாட்டாங்க. நீங்க சொல்லிப்போட்டீங்க, உங்களுக்குப் பாரம் எறங்கிரும். போய்ட்டு வாங்க."

ரிஃபத் தாளை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் நடந்ததையெல்லாம் எழுதி மருத்துவத் துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஆனால் கம்பெனிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வாடிக்கையாளரின் ரகசியத்தை வெளியே கொடுத்தவள் என்று ஒரு வரி எழுதி வேலையிலிருந்து நீக்கினார்கள். மனோஜ்குமார் வாசல்வரை வந்தான். உண்மையாகவே கண் கலங்கியிருந்தான். ஆகஸ்டில் அவன் அமெரிக்கா போய்விட்டதாகக் கேள்விப்பட்டாள்.

டிசம்பரில் ஒருநாள் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ரங்கநாயகியைத் தூரத்தில் பார்த்தாள். ஏதோ மருந்துக்கடைப் பையோடு நின்றிருந்தாள். அவளும் பார்த்துவிட்டாள். ரிஃபத் பக்கத்தில் போய், குழந்தை எப்படி இருக்கிறது, ஏதாவது தெரியுமா என்று கேட்டாள்.

"நல்லா வளந்திருக்குதாம். சிரிக்குதாம்," என்றாள் ரங்கநாயகி. "கூப்டாத்தான் திரும்பறதில்லையாம்."

குழந்தையின் ஊருக்குப் போகிற வால்பாறை பஸ் வந்தது. இருவருமே அதில் ஏறவில்லை.