கூடுமானவரை தனித்தனியாக

நாலாம் நம்பர் ஹோஸ்ட்டிடமிருந்து முதல் மெயில் வந்தபோது விஜயராணி டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தங்கைக்கு ஒருமுறை ஃபோன் செய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். மணி பத்து ஐந்து. செம்பூரில் அந்த ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடியில், பழைய ஃபைல் அலமாரிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஐ.டி. டிபார்ட்மென்ட் என்று போர்டு மாட்டியிருந்த அறையில், அன்றைக்கு அவள் ஒருத்திதான். சரியாக இரண்டு மாடி கீழே தங்கை மாலதி பச்சை கவுனை மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். பதினோரு மணிக்கு சிசேரியன். வெளியே மழை விட்டபாடில்லை. மெயிலில் இரண்டே வரி இருந்தது. மெமரியில் தவறு ஏற்பட்டது. சரிசெய்யப்பட்டது.

இந்த மாதிரி மெயிலை யாரும் படிப்பதில்லை. மெஷின் தானே தப்புப் பண்ணி, தானே திருத்தி, தானே வந்து சொல்லிவிட்டும் போனால், நடுவில் மனுஷிக்கு என்ன வேலை? அவளும் இட்லியை விண்டு வாயில் போட்டுக்கொண்டாள். ஐந்து நிமிடத்தில் இன்னொரு மெயில். அதற்குள் தவறுகள் பதினான்கு ஆகியிருந்தன. பத்தே காலுக்கு முப்பத்தொன்று. ஒவ்வொன்றின் கடைசியிலும் அதே அடக்கமான வாக்கியம், சரிசெய்யப்பட்டது, சரிசெய்யப்பட்டது என்று. ஒரே ஆள் ஐந்து நிமிடத்துக்கொரு தடவை வந்து எனக்கு ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? விஜயராணி கையைக் கழுவிவிட்டு வந்து, நாலாம் நம்பருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள்.

கோபர்கைரனேயில் வாடகைக்கு எடுத்த ஹாலில் ஆஸ்பத்திரிக்கு இப்படி ஆறு பெரிய சர்வர்கள் உண்டு. ஹோஸ்ட் என்பார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் இருபது முப்பது விஎம்கள், அதாவது கையால் தொட முடியாத, ஆனால் தனிக் கம்ப்யூட்டர் மாதிரியே நடந்துகொள்ளும் கம்ப்யூட்டர்கள். சால் என்று சொல்லும் வரிசை அறைக் கட்டடத்தில் இருபது குடித்தனம் இருப்பதுபோல. கட்டடம் இடிந்தால் இருபது குடித்தனமும் சேர்ந்துதான் போகும். ரத்த வங்கிக்கு மட்டும் இப்படி மூன்று விஎம். ஒன்று வேலை செய்யும். இரண்டாவது அது எழுதுவதையெல்லாம் கூடவே எழுதி வைத்துக்கொண்டு, முதலாவது விழுந்தால் எழுந்து நிற்கும். இரண்டில் எது உயிரோடு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல மூன்றாவது. இந்த மூன்றும் ஒருபோதும் ஒரே ஹோஸ்ட்டில் குடியிருக்கக் கூடாது என்று ஒரு விதி எழுதியிருந்தது. எழுதியவள் விஜயராணி. இப்போது மூன்றும் நாலாம் நம்பரில் இருந்தன.

அவள் திரையை மூடித் திறந்து மறுபடியும் பார்த்தாள். மூன்றும் அங்கேதான் இருந்தன.

எப்படி வந்தன என்று அவளுக்குத் தெரியும். தெரியாததுபோல் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். ஏப்ரலில் உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டு மாற்றுவதற்காக இரண்டு ஹோஸ்ட்டை அணைத்தார்கள். மிச்சமிருந்ததில் இடம் போதவில்லை. விதியோ கண்டிப்பானது, தனி இடம் இல்லையென்றால் எழவே எழாதே என்று சொல்லும் விதி. இரண்டாவது விஎம் எழ மறுத்தது. மேலதிகாரி பத்ரிநாராயணன், "ஸ்ட்ரிக்ட்டை எடுத்துட்டு சாஃப்ட்னு வெச்சுடேன், ஒரு நாளைக்குத்தானே" என்றார். சாஃப்ட் என்றால் கூடுமானவரை தனித்தனியாக இரு, முடியாவிட்டால் பரவாயில்லை என்று அர்த்தம். அவளுக்கு அது தப்பாகப் படவில்லை. பதினாறு வருஷமாக சயானில் ரயிலேறி குர்லாவில் மாறி வேலைக்கு வருகிறவள். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவதாக ஒருத்தி வந்து நின்றால், யாரும் கேட்காமலே மூன்று பேரும் நகர்ந்து பாதி உடம்புக்கு இடம் விடுகிற ஊர் இது. இங்கே கண்டிப்பாக இருக்கிறவனுக்குத்தான் கெட்ட பெயர். மாற்றினாள். விஎம் எழுந்தது. மறுநாள் திருப்பி மாற்ற வேண்டும் என்று நினைத்தாள். மறுநாள் வேறு வேலை வந்தது.

ஜூனில் முதல் மழைக்குக் கரண்ட் விட்டுவிட்டு வந்தபோது ஹோஸ்ட்டுகள் ஒவ்வொன்றாகப் படுத்து எழுந்தன. உள்ளே இருந்தவை எங்கே இடமிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஒதுங்கின. நாலாம் நம்பர்தான் புதிது, காலியாக இருந்தது. கூடுமானவரைக்குக் கூடாமல் போய்விட்டது. இப்படிச் சேர்ந்தவற்றைப் பிறகு பிரித்து வைக்க அந்த விதி வராது. குடியேற்றும்போது பார்க்கும், அதோடு சரி. மாதாமாதம் நிரப்பும் தாளில், பிரித்து வைக்கும் விதி உள்ளதா என்று ஒரு கேள்வி உண்டு. உள்ளது என்று மே மாதம் எழுதினாள். ஜூனிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பொய் இல்லை. மூன்றும் எங்கே இருக்கின்றன என்று அந்தத் தாள் கேட்கவில்லை, அவளும் பார்க்கவில்லை.

பத்ரிநாராயணன் அன்றைக்கு மாட்டுங்கா வீட்டிலிருந்து வேலை செய்தார். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்.

"மூணும் நாலுலயா?" என்று கேட்டார்.

"ஒண்ணை மட்டும் வேற ஹோஸ்ட்டுக்கு நகர்த்திரட்டுமா சார்?"

"நகர்த்தணும்னா அதோட மெமரி பூரா படிச்சாகணும்மா. கெட்டுப்போன எடத்துல போய்க் கைய வெச்சா அங்கயே படுத்துடும். மூணும் சேர்ந்து போகும். உன் தங்கை ஆபரேஷன் இன்னிக்குத்தானே? அது நல்லபடியா ஆகட்டும். ரெண்டு மணிக்கு மேல பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள விழுந்துட்டா?"

"இத்தனை நாளா விழலியே." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன் கேளு. மெயில் போடறதுன்னா அந்த சாஃப்ட் சமாசாரத்தை எழுதாதே. நான் சொன்னேன்னும் வேண்டாம், நீ பண்ணினேன்னும் வேண்டாம். புரியறதோன்னோ?"

புரிந்தது. மணி பத்தரை. விஜயராணி ரத்த வங்கிக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் ஒரு மெயில் எழுத உட்கார்ந்தாள்.

அவள் பயந்தது வேலை போய்விடும் என்பதற்கு மட்டுமல்ல. போன தீபாவளிக்கு முன்னால் ரத்த வங்கியில் போய் நின்று, இனிமேல் சீட்டுக் கட்ட வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான். அதுவரை, இன்ன பை இன்ன நோயாளிக்கு என்று ஒரு சீட்டில் எழுதி நூலால் பையில் கட்டித் தனித் தட்டில் வைப்பார்கள். புது ஏற்பாட்டில் பைகளெல்லாம் தேதி வரிசையில் கலந்து இருக்கும். எது யாருக்கு என்பது கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். கரண்ட் போனா என்னம்மா செய்யதுன்னு டெக்னீஷியன் நயினார் கேட்டதற்கு, மூன்று மெஷின், மூன்று வேறு வேறு இடம் அண்ணாச்சி, மூன்றும் ஒன்றாகப் போகவே போகாது என்று விரல் விட்டுச் சொன்னாள். அவர் சீட்டுப் பெட்டியை எடுத்துப் பரணில் போட்டார்.

மாலதிக்கோ எந்த ரத்தமும் சேராது. முதல் பிரசவத்தில் ரத்தம் ஏற்றியதிலிருந்து, பிறர் ரத்தத்தோடு சண்டை போடுகிற ஏதோ ஒன்று அவள் உடம்பில் உண்டாகியிருந்தது. இந்தத் தடவை நஞ்சுக்கொடி வேறு கீழே இறங்கிக் கிடந்தது. நான்கு பையாவது தயாராக இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நயினார் முந்தாநாள் இருபத்திரண்டு பைகளைச் சோதித்து நான்கைக் கண்டுபிடித்தார். கேட்பவர்களிடமெல்லாம் அம்மா பிச்சம்மாள், பிரசவத்துக்கு ஊரெல்லாம் எதுக்கு, ராணி இருக்க ஆஸ்பத்திரி இருக்கும்போது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் மெயிலில், ஏப்ரலில் நான் செய்த ஒரு மாற்றத்தால் என்று ஆரம்பித்தாள். அழித்தாள். ஏப்ரலில் செய்யப்பட்ட ஒரு மாற்றத்தால் என்று எழுதினாள். அப்படி எழுதினாலும் யார் செய்தது என்றுதான் முதல் கேள்வி வரும். சில தொழில்நுட்பக் காரணங்களால் என்று எழுதிப் பார்த்தாள். படிக்க நன்றாக இருந்தது, ஆனால் அதைப் படித்து எவனும் நாற்காலியை விட்டு எழமாட்டான். ஒரு வார்த்தையைச் சேர்ப்பதும் ஒரு வார்த்தையை எடுப்பதுமாக இருந்தாள். அதற்குள் தவறுகள் தொண்ணூறாகி இருநூற்றுப் பன்னிரண்டும் ஆகின. சரிசெய்யப்பட்டது என்று மெயில்கள் வந்தபடி இருந்தன. ஃபோன் அடித்தபோது மணி பத்து ஐம்பத்தைந்து. ஒரு மெயிலைத் திருத்துவதிலேயே இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது.

"ஏட்டி ராணி, எங்க கெடக்க? அவள உள்ள கூட்டிட்டுப் போயிட்டாவ. அக்கா எங்கன்னு கேட்டுக்கிட்டே போனா."

"வாரேம்மா" என்றாள். மெயிலை அனுப்பாமலே எழுந்து, லிஃப்ட்டுக்கு நிற்காமல் படியில் ஓடினாள்.

ரத்த வங்கி தரைத்தளத்தில் இருந்தது. ஃபோனை வாசல் மரத்தட்டில் வைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே போக வேண்டும். வைத்துவிட்டுப் போனாள். நயினார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாராவியில் இவர்கள் வீட்டுக்கு மூன்று சந்து தள்ளி இருப்பவர், ஐம்பது வயது, மாலதியை ஃப்ராக் போட்ட நாளிலிருந்து தெரியும்.

"என்னம்மா, மேல நிக்காம இங்க வந்திருக்க?"

அவள் நிற்காமல் சொன்னாள். "அண்ணாச்சி, மூணு மெஷினும் ஒரே எடத்துல இருக்கு. ஜூன்லருந்தே. ஏப்ரல்ல நாந்தான் விதிய மாத்துனேன், திருப்பி வைக்க மறந்துட்டேன். அந்த எடம் இப்ப கெட்டுப்போய்க்கிட்டு இருக்கு. எப்ப வேணா விழும். மாலதிக்கு வச்ச நாலு பையையும் இப்பவே வெளிய எடுத்து வச்சிருங்க."

நயினார் திட்டவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளையே பார்த்தார். "நீதானம்மா விரல் விட்டுச் சொன்ன" என்றார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"தியேட்டருக்கு ஃபோனப் போடு. ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்லு."

இன்டர்காமில் தியேட்டர் நர்ஸ் எடுத்தாள். "ஷுரூ ஹோ கயா மேடம்" என்றாள், ஆரம்பித்தாகிவிட்டதாம். எடுத்த வேகத்தில் வைத்தும் விட்டாள். பத்தரைக்கே கீழே இறங்கி வந்திருந்தால் இன்னும் ஆரம்பித்திருக்க மாட்டார்கள் என்பது விஜயராணிக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

நயினார் பட்டியலைப் பிரிண்ட் கொடுத்தார். திரையில் வட்டம் சுற்றியது. பிரிண்டர் அசையவில்லை. "காயிதம் வராது போல. நான் ஒண்ணொண்ணா தொறந்து நம்பரப் படிக்கேன், நீ எழுதிப் பையத் தேடி எடு" என்றார். பரணிலிருந்து சீட்டுப் பெட்டியை இறக்கினார். நூல் சிக்கலாகக் கிடந்தது. ஒவ்வொரு பையின் பக்கமும் திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. பதின்மூன்று இலக்க நம்பர். முதல் பை மேல்தட்டில் கிடைத்தது. சீட்டில் மாலதி ராஜகுமார் என்று எழுதிக் கட்டினாள். இரண்டாவது பை கிடைக்க நேரமாகியது, பின்வரிசையில் இருந்தது. அதையும் கட்டி, முதல் பையோடு மேஜைமேல் வைத்தாள். குளிரில் விரல்கள் மரத்துப் போயின.

"மூணாவது திறந்துட்டு. எழுதிக்க. நாலு, ஒண்ணு, ஏழு."

"ம்."

"ரெண்டு, ஆறு, சைபர்."

"ம்."

"சைபர், மூணு..." நயினார் நிறுத்தினார்.

"அண்ணாச்சி?"

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். வெள்ளையாக இருந்தது. வட்டம்கூடச் சுற்றவில்லை. அவர் ஒரு பட்டனைத் தட்டினார், இன்னொன்றைத் தட்டினார், பிறகு கையை எடுத்துவிட்டார். எதுவும் சரிசெய்யப்பட்டது என்று சொல்லவில்லை.

"கையால சோதிச்சுப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு பைக்கு முக்கால் மணி. எந்தப் பைன்னு தெரிஞ்சாத்தான அதுவும்?"

விஜயராணி குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவைத் திறந்து குனிந்தாள். நாலு ஒன்று ஏழு என்று ஆரம்பிக்கும் பைகள் தட்டு முழுக்க இருந்தன. அவளிடம் இருந்த எட்டு இலக்கத்தோடு விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். ஒத்துப்போனவை ஒன்பது. ஒன்பதும் ஒரே கருஞ்சிவப்பு. வாசல் மரத்தட்டில் அவள் ஃபோன் அடித்து நின்றது. உடனே மறுபடியும் அடித்தது. அம்மாவாகத்தான் இருக்கும்.

மேஜைமேல் இன்டர்காமும் ஒலித்தது. நயினார் எடுத்துக் காதில் வைத்தார். மறுமுனையில் சொல்வதைக் கேட்டபடியே, மேஜையில் சீட்டுக் கட்டிக் கிடந்த இரண்டு பைகளைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, இடது கையில் நான்கு விரல்களைத் தூக்கிக் காட்டினார்.